முதலில் காற்று, பிறகு நெருப்பு: பழைய பெற்றோமக்ஸைத் திருத்தி எடுப்பது எப்படி

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பப்பாவின் வீட்டைப் பிரித்தபோது சாக்கில் சுற்றியபடி மூன்று விளக்குகள் கிடைத்தனவாம். ஒன்று பெற்றோமக்ஸ். ஒன்று மாமா வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த கோல்மன் லாம்பு. மற்றது கறள் பிடித்த அரிக்கன் லாம்பு. பெற்றோமக்ஸுக்கு எவ்வளவு பம்ப் அடித்தாலும் காற்று நிற்கவில்லை. திருத்த முடியுமா, மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெற்றோல் கலந்தால் சுலபமாகப் பற்றுமா, ஆடிவேலுக்கு உகந்தை வழியாகக் கதிர்காமம் நடக்கும்போது இரவில் தங்கும் இடங்களுக்குக் கொண்டுபோகலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

பெற்றோல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், தம்பி. ஒரு துளியும் கலக்கக் கூடாது. மண்ணெண்ணெயின் ஆவி பற்றிக்கொள்ள அது ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். பெற்றோல் உறைகுளிரிலும் பற்றும் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். பெற்றோமக்ஸின் எண்ணெய்த் தாங்கி நெருப்புக்கு ஒரு சாண் கீழேதான் இருக்கிறது. எரிய எரிய அது கைக்குச் சூடாகத் தெரியும். அந்தச் சூட்டில் பெற்றோல் ஆவி உள்ளே அழுத்தத்தை ஏற்றும், மூடியோரம் கசியும், பிறகு என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வைத்திருந்த கலனை மண்ணெண்ணெய்க்குப் பாவிப்பதும் இதே ஆபத்துத்தான். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியபோது கண்டதையும் கலந்து ஊற்றிய விளக்குகள் என்னிடம் வந்தன. அவற்றைத் திறக்கவே எனக்குக் கை கூசியது.

சரி, இனித் திருத்துவதைப் பார்ப்போம். என் அப்பா மட்டக்களப்பில் பற்றாசுக் கடை வைத்திருந்தவர். விளக்கு யார் கொண்டுவந்தாலும் நெருப்புக்குச்சியை எடுக்க விடமாட்டார். “முதல்ல காத்து, பிறகுதான் நெருப்பு” என்பார். நான் சொல்லப்போவதும் அதைத்தான். பழைய விளக்கு கிடைத்தவுடன் எல்லோரும் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்துப் பார்க்கிறார்கள். கசிவு எங்கே என்று தெரியாமல் பற்றவைத்தால் அந்தக் கசிவைக் கண்டுபிடிப்பது நெருப்புத்தான். காற்றை அடைத்து அது நிற்கிறதா என்று பார்த்துவிட்டால் வேலையில் முக்கால் பங்கு முடிந்துவிடும்.

அதற்கு முன் விளக்கு எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோமக்ஸ் ஜேர்மனியில் பேர்லின் நகரத்து எரிச் அண்ட் கிரேட்ஸ் கம்பனியில் பிறந்தது. பெற்றோலியத்தின் முன்பாதியையும் மக்ஸ் கிரேட்ஸ் என்பவருடைய பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. இங்கே நாம் பெற்றோமக்ஸ் என்று சொல்வதில் பாதி வேறு நாடுகளில் அதே அமைப்பில் செய்தவை. உள்ளே வேலை ஒன்றுதான். தாங்கியில் அடைத்த காற்று மண்ணெண்ணெயை மேலே தள்ளும். சூடான குழாய்க்குள் அது ஆவியாகி, மயிரளவு துளையுள்ள ஜெற்றால் சீறி, காற்றோடு கலந்து மெண்டில் என்கிற வலைப்பைக்குள் எரியும். நாம் காண்கிற வெளிச்சம் சுவாலையின் வெளிச்சம் இல்லை, சூட்டில் வெண்மையாகக் கனலும் மெண்டிலின் வெளிச்சம். அந்த மெண்டிலைக் கண்டுபிடித்தவர் ஒஸ்திரியாக்காரரான கார்ல் ஆவர் வொன் வெல்ஸ்பாக். 1885இல் முதலில் காப்புரிமை எடுத்தார். 1891இல் தோரியம் ஒட்சைட்டு 99 பங்கும் சீரியம் ஒட்சைட்டு 1 பங்குமாகச் சேர்த்த பிறகுதான் நமக்குத் தெரிந்த அந்த வெள்ளை வெளிச்சம் வந்தது. ஆக, காற்று இல்லாவிட்டால் எண்ணெய் ஏறாது, சூடு இல்லாவிட்டால் எண்ணெய் ஆவியாகாது. பெரும்பாலான கோளாறுகள் இந்த இரண்டில் ஒன்றில் வந்து நிற்கும்.

உங்கள் விளக்கில் காற்று நிற்கவில்லை என்கிறீர்கள். முதலில் தாங்கியைக் கையில் எடுத்து அடியைப் பாருங்கள். அடித்தகடு வெளிப்பக்கம் புடைத்திருந்தால், அல்லது உடம்பில் வெடிப்புக் கோடு தெரிந்தால், அதை அலுமாரியில் அழகுக்கு வையுங்கள். எரிக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

தாங்கி நல்லதாக இருந்தால் பம்பைக் கழற்றுங்கள். தண்டின் நுனியில் கிண்ணம் போல ஒரு தோல் வாசர் இருக்கும். பரணில் இருபது வருடம் கிடந்த தோல் கருவாட்டுத் தோலைப்போல விறைத்துச் சுருங்கியிருக்கும். அதனால்தான் பம்ப் அடிக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரிவதில்லை. தோல் கிழியாமல் இருந்தால் தையல் மெசின் எண்ணெயில் ஓரிரவு ஊறப்போட்டு, காலையில் விரலால் பதமாக உருவி விளிம்பை வெளியே விரித்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் பூசுவது நம்முடைய வழக்கம். அவசரத்துக்கு அது பரவாயில்லை, ஆனால் நாட்போக்கில் பிசுபிசுத்துப் பசையாகிவிடும். தோல் கிழிந்திருந்தால் சைக்கிள் பம்ப் வாசர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் அதுவே போதும்.

தோல் சரியான பிறகும் ஒரு கோளாறு மிஞ்சலாம். பம்ப் அடித்துவிட்டுக் கையை எடுங்கள். தண்டு தானாகவே மெல்ல மேலே எழுந்து வருகிறதா? அப்படியானால் பம்ப் குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை என்று அர்த்தம். கூடவே மண்ணெண்ணெயும் பம்ப் குழாய்க்குள் ஏறியிருக்கும், மூடியைத் திறந்தால் மணக்கும். நீண்ட ஸ்குரூ டிரைவரால் அந்த வால்வைக் கழற்றலாம். கறள் பிடித்து அசையாவிட்டால் இரண்டு துளி மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள். பலமாகத் திருகினால் பித்தளைக் காது உடைந்துவிடும். உள்ளே சின்ன ஸ்பிறிங் ஒன்றும் மிளகளவு றப்பர்த் துண்டு ஒன்றும் இருக்கும். அந்த றப்பரில் வட்டமாக ஒரு தழும்பு பதிந்திருந்தால் துண்டைத் திருப்பிப் போட்டாலே பல விளக்குகள் சரியாகிவிடும். புதிதாக வெட்டுவதென்றால் சைக்கிள் ரியூப்பில் வெட்ட வேண்டாம். அந்த றப்பர் மண்ணெண்ணெயில் ஊதிப் பருத்துச் சில கிழமைகளில் கூழாகும். மோட்டார் சைக்கிள் கராச்சில் எரிபொருளுக்குத் தாங்கும் றப்பர் கேளுங்கள், கொஞ்சம் வெட்டித் தருவார்கள். எண்ணெய் ஊற்றும் மூடியின் வாசருக்கும் அதையே பாவியுங்கள்.

இனித்தான் காற்றுச் சோதனை. விளக்கின் பக்கத்தில் கையால் திருகும் சின்னச் சில்லுதான் கைச்சில்லு. அதன் முள்ளை மேலே நிறுத்துங்கள். அதுதான் அடைத்த நிலை. மூடியில் உள்ள கேஜில் சிவப்புக் கோடு ஏறக்குறைய 2 பார் அழுத்தத்தில் இருக்கும். அதில் பாதிவரை அடித்துவிட்டு, சவர்க்கார நுரையைத் தூரிகையால் மூடியோரம், பம்ப் கழுத்து, கேஜின் அடி, தாங்கியின் பொருத்து எல்லாவற்றிலும் பூசுங்கள். கசியும் இடத்தில் நுரை கண்ணெதிரே குமிழ் விடும். சில இடங்களில் பெரிய குமிழ் வராது, பசுவின் வாய் நுரைபோலப் பொடிப்பொடியாகப் பூத்து நிற்கும். அதுவும் கசிவுதான். ஒன்றும் வராவிட்டால் சிவப்புக் கோடு வரை அடித்து அரை மணித்தியாலம் விட்டுவிடுங்கள். கேஜ் முள் அசையாமல் நின்றால் தாங்கி தேறிவிட்டது.

முன்பே பற்றாசு வைத்த தாங்கியென்றால் முதல் சோதனையைத் தண்ணீர் நிரப்பிச் செய்யுங்கள். உள்ளே காற்றுக் கொஞ்சமாக இருந்தால், பொருத்து விட்டுப்போனாலும் வெடிக்காமல் தண்ணீர் பீய்ச்சுவதோடு நிற்கும். பிறகு மூடியைத் திறந்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பொருத்துக்குப் பற்றாசு வைக்க வேண்டியிருந்தால் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். சவர்க்காரத் தண்ணீரால் பல தடவை கழுவாத தாங்கியில் சூட்டுக்கோலை வைப்பது உயிரோடு விளையாடுவது.

மேற்பாகத்தில் எல்லோரும் பிழைவிடும் இடம் ஜெற். நானும் விட்டிருக்கிறேன். பதினாறு வயதிருக்கும், படுவான்கரையில் ஒரு ஊரில் வடமோடிக் கூத்து அரங்கேற்றம். களரியைச் சுற்றிக் கம்பங்களில் நான்கு பெற்றோமக்ஸ், அவற்றைப் பார்த்துக்கொள்ள அப்பா என்னை அனுப்பியிருந்தார். நடுச்சாமத்தில் ஒரு விளக்கு மங்கியது. ஜெற் அடைத்துவிட்டது என்று நினைத்து, ஒரு அக்காவிடம் தையல் ஊசி வாங்கித் துளையைக் குத்திவிட்டேன். அடைப்புப் போனது. ஆனால் துளை பெருத்துவிட்டது. எண்ணெய் கூடுதலாகச் சீறி, மெண்டில் கறுத்து, மஞ்சளாக நாக்கை நீட்டி எரிந்தது. அரசன் வரவு தொடங்கும் நேரம். கூத்தை நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தாமலே என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். விடியும்வரை மூன்று விளக்கில்தான் ஆடினார்கள். அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. ஜெற்றைத் துப்புரவாக்க விளக்குக்குள்ளேயே முள் இருக்கிறது. கைச்சில்லை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அது மேலே வந்து துளையைத் துடைத்துவிட்டுப் போகும். வேறெதுவும் அந்தத் துளைக்குள் போகக் கூடாது.

ஜெற்றைக் கழற்றுவதற்கு முன் கைச்சில்லின் முள்ளைக் கீழே திருப்ப மறக்காதீர்கள். மேலே இருக்கும்போது கழற்றினால் ஜெற்றுக்குள் நிற்கும் துப்புரவு முள் வளைந்து முறியும். பிறகு ஆவிக் குழாய். அதற்குள் வருடக்கணக்கில் கரி படிந்திருக்கும். விளக்கு சீராகச் சீறாமல், இளைப்பு வந்தவரைப்போல விட்டு விட்டு மூச்சு வாங்கினால் பெரும்பாலும் இந்தக் கரிதான் காரணம், அல்லது எண்ணெயில் தண்ணீர் இருக்கும். கரியை மெல்லிய பித்தளைக் கம்பியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் அலசி எடுங்கள். அதிகமாக இறுகியிருந்தால் புதிய குழாய் போடுவதே நல்லது.

காற்றும் ஆவியும் கலந்து போகும் வளைந்த குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நம்முடைய பக்கத்தில் கிடந்த பழைய விளக்குகளில் இந்தக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். ஒருமுறை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்து வந்த விளக்கில் விரல் நீளக் கூடு, உள்ளே காய்ந்த சிலந்திகள் அடுக்கி வைத்தபடி. அந்த வீட்டார் ஜெற், மெண்டில், வாசர் எல்லாம் மாற்றியிருந்தார்கள். கம்பியால் மண்ணைத் தட்டிவிட்டதும் விளக்கு வெள்ளையாக எரிந்தது. விளக்கு நன்றாகச் சூடான பிறகும் சுவாலை மஞ்சளாக வந்தால் காற்றுக் குறைவு என்று முதலில் நினையுங்கள். பூட்டும்போது ஜெற்றின் தலைக்கும் அந்தக் குழாயின் வாய்க்கும் இடையில் 14 முதல் 15 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். விளக்கோடு வரும் ஸ்பனரில் இதற்கென்றே அளவு இருக்கும், இல்லாவிட்டால் அடிமட்டம் போதும். இரண்டு மில்லிமீற்றர் பிசகினாலும் வெளிச்சம் குறையும்.

மிகப் பழைய விளக்குகளில் சாம்பல் நிறத்தில் நார்நாரான வாசர் இருந்தால் அது அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். உரசவோ ஊதவோ வேண்டாம். நனைத்து எடுத்துப் பையில் கட்டி அகற்றுங்கள்.

பித்தளையை மினுக்குவது கடைசி வேலை. பழப்புளியும் சாம்பலும் தேய்த்துக் கழுவினால் போதும். ஆனால் புளிக்கரைசலில் ஊறவிட்டு மறந்துவிடக் கூடாது. புளி பித்தளையில் உள்ள நாகத்தைத் தின்று, செம்பு வெளியே தெரிய, மேற்பரப்பு இளஞ்சிவப்பாகிவிடும். வெள்ளி நிறத்தில் மின்னும் நிக்கல் பூச்சு உள்ள விளக்குக்குப் புளி வேண்டவே வேண்டாம். சவர்க்காரமும் சீலையும் போதும். வாவியிலும் கடலிலும் பாவித்த விளக்குகளுக்கு முதலில் நல்ல தண்ணீர்க் குளிப்பு வேண்டும். உப்பு, திருகுச் சுரைகளுக்குள் ஒளிந்திருந்து வேலை காட்டும்.

இப்போது நெருப்புக்கு வருவோம். மெண்டிலைக் களிமண் மூக்கில் கட்டும்போது மடிப்புகள் சுற்றிலும் ஒரே அளவாக விழ வேண்டும். ஒரு பக்கம் குவிந்தால் அந்தப் பக்கம் ஓட்டை விழும். தாங்கியில் முக்கால் பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். அழுத்தம் நிற்கக் காற்றுக்கும் இடம் வேண்டும். எண்ணெயைச் சீலையில் வடித்து ஊற்றுங்கள். கைச்சில்லின் முள் மேலே இருக்க, ஆவிக் குழாயைச் சூடாக்கும் ஸ்பிரிட் கிண்ணத்தை நிரப்பிப் பற்றவையுங்கள். இந்த இடத்தில்தான் பொறுமை வேண்டும். முதல் கிண்ணம் எரிந்து முடிந்தாலும் அவசரப்படாமல் இரண்டாவது கிண்ணமும் எரியவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: சுவாலை முற்றாக அணைந்து கிண்ணம் ஆறும்வரை மறுபடி ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. எரிகிற கிண்ணத்தில் ஊற்றினால் நெருப்புப் போத்தலுக்குள் ஓடும். இரண்டாவது கிண்ணம் அணையப்போகும்போது கொஞ்சம் பம்ப் அடித்து முள்ளைக் கீழே திருப்புங்கள். நீலமாக ஊதி மெண்டில் உருண்டு வெண்மையானால் படிப்படியாகச் சிவப்புக் கோடுவரை அடிக்கலாம். பற்றவைத்தவுடன் மஞ்சள் சுவாலை எழும்பினால் குழாய்க்குச் சூடு போதவில்லை. உடனே முள்ளை மேலே திருப்பி, ஆறவிட்டு, ஸ்பிரிட்டில் இருந்து மறுபடி தொடங்குங்கள். சரியாக எரிகிற 500 மெழுகுவர்த்தி வலு விளக்குக்கு ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் வரும். ஒரு கூத்து விடிவதற்குக் கிட்டத்தட்டப் போதும்.

அணைக்கும்போது மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். அழுத்தத்தோடு விளக்கை வைத்துவிட்டுப் போகக் கூடாது.

கோல்மனை நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டும். அதன் அடியைத் திருப்பிப் பாருங்கள். பல மொடல்களில் செய்த மாதமும் வருடமும் தகட்டில் பதிந்திருக்கும். பலர் வைத்திருக்கும் ஒற்றை மெண்டில் 200ஏ போன்றவை வெள்ளைப் பெற்றோல் என்கிற, சுத்திகரித்த நப்தா எரிபொருளுக்குச் செய்தவை. அவற்றில் ஸ்பிரிட் கிண்ணம் இருக்காது. அதுதான் பொதுவான அடையாளம்: கிண்ணம் இருந்தால் மண்ணெண்ணெய், இல்லாவிட்டால் வெள்ளைப் பெற்றோல். அதில் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஆவியாகாமல் புகையும், கரி பிடிக்கும். நிரப்புநிலையத்துப் பெற்றோலை ஊற்றினால் எரியும்தான், ஆனால் அதில் உள்ள சேர்க்கைகள் குழாயைச் சீக்கிரம் அடைக்கும். சரியான எரிபொருள் கிடைக்காவிட்டால் அதைத் துடைத்து வைத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பம்ப் தோலைத் திருத்தும் முறை மேலே சொன்னதுதான்.

அரிக்கன் லாம்பைக் குறைவாக நினைக்காதீர்கள். காற்றழுத்தம் இல்லை, ஜெற் இல்லை, வெடிக்க ஒன்றும் இல்லை. இரண்டு பக்கக் குழாய்களும் சிமிலிக்கு மேலிருந்து காற்றைக் கீழே திரிக்குக் கொண்டுவருகின்றன, அதனால்தான் காற்றடித்தாலும் அணைவதில்லை. அந்தக் குழாய்களுக்குள் தூசும் கூடும் இல்லாமல் பாருங்கள். தாங்கியின் அடியில் கறள் ஓட்டை இருக்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். புதுத் திரியை எண்ணெயில் நன்றாக ஊறவிட்டு, நுனியை நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் மட்டும் இலேசாகச் சரித்துவிடுங்கள். சிமிலி புகையாது. அரை மணித்தியால வேலை.

கதிர்காமப் பாதைக்கு வருவோம். உகந்தையில் இருந்து குமண, யால காட்டுக்குள் நடப்பவர்கள் மரத்தடியில் படுத்து எழும்புகிறவர்கள். பெற்றோமக்ஸ் பாரம். தலையிலோ தடியிலோ ஆடி ஆடிப் போகும்போது பழைய மெண்டில் உதிர்ந்துவிடும். நடைக்கு நான் அரிக்கனைத்தான் சொல்வேன். கூட்டமாகச் சமைத்துச் சாப்பிட்டுப் பாட்டும் பூசையும் செய்கிற குழு என்றால் ஆளுக்கொரு இரவு சுமந்து ஒரு பெற்றோமக்ஸ் கொண்டுபோகலாம். எண்ணெய்க் கலன் கொண்டுபோக அனுமதி உண்டா என்று காட்டுக்குள் விடும் இடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எதைக் கொண்டுபோனாலும் கூடாரத்துக்குள் எரிக்காதீர்கள். மழை தூறினாலும் வெளியே கொப்பில்தான் தொங்க வேண்டும். மூடிய இடத்தில் எரிகிற விளக்கு காபன் மொனொக்சைட்டு விடும். அதற்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். காய்ந்த சருகைக் காலால் தள்ளிவிட்டு, சுற்றிலும் இரண்டு முழத்துக்கு வெறும் மண் தெரிந்த இடத்தில் பற்றவையுங்கள்.

மெண்டில் மூன்று, ஜெற் முள் ஒன்று, தோல் வாசர் ஒன்று, அளவு ஸ்பனர், ஸ்பிரிட் போத்தல் ஆகியவற்றை ஒரு ரின் டப்பாவில் போட்டுத் தனியாக வையுங்கள். காட்டில் பழைய மெண்டிலை மாற்றும்போது அதன் தூளை ஊதித் தள்ளாதீர்கள். மெண்டிலில் தோரியம் இருந்தால் அது இலேசான கதிர்வீச்சு உள்ளது, மூச்சோடு உள்ளே போகக் கூடாது. ஈரச் சீலையால் துடைத்துவிட்டு, கையைக் கழுவிய பிறகு சோற்றில் கை வையுங்கள். புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் வீட்டு முற்றத்தில் ஒரு முழு இரவு எரித்துப் பாருங்கள், தம்பி. அந்த இரவில் எத்தனை தடவை பம்ப் அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணி எழுதுங்கள், கேஜ் முள் எவ்வளவு இறங்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று நான் சொல்லிவிடுவேன்.